வானலையில் அயலவர்

கல்முனைக்கு மேற்கே, சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளில் சிறுபோகக் காலத்தில் தண்ணீருக்கு ஒரு முறை உண்டு. இங்கினியாகலை அணைக்கட்டிலிருந்து பெருவாய்க்காலிலும் கிளைவாய்க்காலிலும் இறங்கி வருகின்ற கல்லோயா நீரை, மேல்வயற்காரன் தன் மதகை முழுவதும் திறந்து தன் வயலிலேயே பாய்ச்சிக் கொள்வானாயின், கீழ்வயற்காரனுடைய பயிர் கருகிப்போகும். மேலே உள்ளவனுக்குக் கீழே உள்ளவன்மீது பகை இருக்கவேண்டும் என்பதில்லை. கீழே ஒருவன் இருக்கின்றான் என்பதை அவன் நினையாமல் இருந்தாலே போதும். இதற்காகவே வட்டைவிதானை என்று ஒருவரை விவசாயிகள் தமக்குள் நியமித்து வைத்திருக்கிறார்கள். வரம்பிலே அவருடைய குடை தெரிந்தாலே மதகுப் பலகை பாதி இறங்கிவிடும்.

வானத்திலும் வாய்க்கால்கள் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரியாதவை. ஆயினும் அகலம் அளந்து வகுக்கப்பட்டவை. ஒலிபரப்பு நிலையங்களுக்கு ஒரு பங்கு, கப்பல்களுக்கு ஒரு பங்கு, விமானங்களுக்கு ஒரு பங்கு என்று உலக நாடுகள் கூடிப் பிரித்த வானலைப் பரப்பில், அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவோருக்கும் சில கீற்றுகள் கிடைத்துள்ளன. இவர்கள் கூலி பெறாதவர்கள், விளம்பரம் செய்யாதவர்கள், பாட்டு ஒலிபரப்பாதவர்கள். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியை வைத்துக்கொண்டு, வீட்டு மூலையில் அமைத்த சிறு செலுத்தியினால் உலகின் வேறு மூலைகளில் உள்ள தம்மையொத்தவர்களோடு உரையாடுபவர்கள். ‘4எஸ்7’ என்று தொடங்கும் அழைப்புக்குறி காதில் விழுந்தால், பேசுபவர் இலங்கையிலிருந்து பேசுகின்றார் என்பதை உலகெங்கும் உள்ள அமெச்சூர்கள் அறிந்துகொள்வார்கள். பிரித்தானியர் ஆட்சியில் அது ‘வீஎஸ்7’ என்று இருந்தது.

இந்த வாய்க்கால்களில் வட்டைவிதானை வந்து நிற்பதில்லை. உரிமம் வழங்கும் அரசாங்கம் எல்லைகளை வகுக்கின்றது. எல்லையைக் கடந்தவரைத் தண்டிக்கவும் அதனால் முடியும். ஆனால் எல்லைக்குள் இன்னாருக்கு இந்த இடம், இந்த நேரம் என்று எவரும் ஒதுக்கிக் கொடுப்பதில்லை. ஒருவர் நாற்பது வருடமாக மாலைதோறும் ஒரே இடத்தில் அமர்ந்து நண்பர்களோடு பேசி வந்தாலும், அந்த இடம் அவருடைய சொத்து ஆகிவிடாது. நேற்று உரிமம் பெற்ற இளைஞனுக்கும் அதில் அதே உரிமை உண்டு. ஆகவே முழு ஒழுங்கும் பேசுபவருடைய நாகரிகத்திலேயே தங்கியிருக்கின்றது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்கரான பால் சீகல் என்பவர் அமெச்சூர் வானொலியாளருக்கென ஒரு நடத்தைக் கோவையை எழுதியபொழுது, பிறரைக் கருதி நடத்தல் என்ற குணத்தையே முதலில் வைத்தார். தொழில்நுட்ப அறிவுகூட அதற்குப் பின்னரே வந்தது.

இந்த நாகரிகம் எல்லா அலைகளுக்கும் வேண்டியதுதான். எனினும் குறைந்த மீடிறன்களில் அது பன்மடங்கு வேண்டப்படுகின்றது. ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றதோ அதுவே அதன் மீடிறன். மீடிறன் குறையக் குறைய அலைநீளம் கூடும். கூடவே வாய்க்காலும் ஒடுங்கும். அமெச்சூர்களுக்கு உலக அளவில் கிடைத்துள்ள பகுதிகளுள் மிகத் தாழ்ந்தது 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸ் வரையிலானது. 2007ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு அதை வழங்கிற்று. அதன் அகலம் இரண்டே கிலோஹேர்ட்ஸும் சொற்பமும். சாதாரணமாக ஒரு மனிதக் குரலைச் சிக்கனமான முறையில் அனுப்புவதற்கே ஏறத்தாழ 2.7 கிலோஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். உலகம் முழுவதற்கும் பொதுவான அந்த வாய்க்காலில் ஒரேயொருவருடைய குரல்கூட அடங்காது என்பது இதன் பொருள். அங்கே மோர்ஸ் தந்திக்குறிகளும், கணினியின் துணையோடு மிக மெதுவாக அனுப்பப்படும் குறிகளுமே செல்ல இயலும். அலைநீளமோ 2200 மீற்றர். அதற்கு முறையான கால்-அலை வான்கம்பி கட்டுவதாயின் அது அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளவேண்டும். எந்தத் தென்னந்தோட்டமும் அதற்குப் போதாது.

அடுத்தது 472 முதல் 479 கிலோஹேர்ட்ஸ் வரை, 2012ஆம் ஆண்டின் மாநாடு தந்தது. அதன் அகலம் ஏழு கிலோஹேர்ட்ஸ். இவ்விரண்டிலும் அமெச்சூர்கள் இரண்டாந்தர உரிமை உடையவர்களே. வேறு சேவைகளுக்கு முதலுரிமை இருக்குமிடத்தில் இவர்கள் விருந்தாளிகளைப்போல் ஒதுங்கி நடக்கவேண்டும். இவற்றுக்கு மேலே 1.8, 3.5, 7 மெகாஹேர்ட்ஸ் பகுதிகள் உள்ளன. அங்கே இடம் சற்று விசாலமானது. கூட்டமும் அவ்வாறே பெரியது. நாட்டுக்கு நாடு உள்ளெல்லைகள் வேறுபடுவதால், தம் உரிமம் எதை அனுமதிக்கின்றது என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவின் தன்மையையும் இங்கே சொல்லவேண்டும். பகலில் சூரிய ஒளியினால் வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஒரு படை தாழ்ந்த மீடிறன்களை உறிஞ்சிவிடுகின்றது. சூரியன் சாய்ந்ததும் அப்படை கலைந்துபோகும். அதற்கும் மேலேயுள்ள படை எஞ்சி நின்று, அலைகளைக் கண்ணாடிபோல் பூமிக்குத் திருப்பி அனுப்பும். நண்பகலில் அடுத்த மாவட்டத்தோடு நின்றுவிடும் 3.5 மெகாஹேர்ட்ஸ் அலை, இஷாத் தொழுகை முடிந்து கடைத்தெரு அடங்கும் வேளையில் வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போகும். மத்திய அலையில் இந்திய நிலையங்கள் இரவானதும் தெளிவாகக் கேட்பதை இக்கரையில் உள்ள பழைய வானொலி நேயர்கள் அறிவார்கள். காரணம் இதுவே. பகலில் தெருவோடு நிற்கின்ற பேச்சு இரவில் கண்டத்தின் செவியில் விழுகின்றது. மதகைத் திறப்பவருக்குக் கீழே எத்தனை வயல்கள் இருக்கின்றன என்பது இரவில்தான் பெருகுகின்றது.

ஆகவே பேசுமுன் கேட்கவேண்டும். இது எளிய விதி. எளிதில் மீறப்படுவதும் இதுவே. மீறுபவர்களில் பெரும்பாலோர் தீயவர்கள் அல்லர். கல்முனையில் ஒருவர் இரவு நேரத்தில் 7 மெகாஹேர்ட்ஸில் தம் வாங்கியைத் திருப்பி, ஓர் இடத்தில் அமைதி நிலவுவதைக் காண்கிறார் என்று கொள்வோம். அவ்விடத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டே இருக்கலாம். கொழும்பு 200 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருப்பதால், கொழும்பின் அலை வானத்திற்கு எழுந்து கல்முனையைத் தாண்டிப்போய் வெகு தொலைவில் இறங்கக்கூடும். அத்தொலைவில் ஒருவர் அதைச் செவிமடுத்துக்கொண்டிருப்பார். கல்முனைக்காரர் அமைதி என்று எண்ணித் தம் செலுத்தியை முடுக்கினால், அவருடைய அலையும் அதே இடத்தில் போய் இறங்கி, அந்தப் பேச்சைச் சிதைத்துவிடும். தாம் செய்த சேதம் அவருக்குத் தெரியவே தெரியாது.

கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளில் வழங்கும் ஒரு பழக்கம் இதற்குத் துணை வருகின்றது. பிறர் வீட்டுக்குப் போகின்றவர் வாசலில் நின்று சலாம் சொல்லி அனுமதி கேட்பார். பதில் இல்லையேல் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்பார். மூன்றாம் முறையும் பதில் இல்லையேல் மனத்தாங்கல் இன்றித் திரும்பிவிடுவார். அமெச்சூர் வானொலியிலும் இவ்வாறே வழக்கம்: சில நிமிடங்கள் கேட்டிருந்து, ‘இந்த மீடிறனை யாரேனும் பயன்படுத்துகின்றீர்களா?’ என்று தம் அழைப்புக்குறியுடன் வினவி, பொறுத்து, மீண்டும் வினவவேண்டும். ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. வீட்டு வாசலில் மௌனம் என்றால் ‘திரும்பிப் போ’ என்பது கருத்து. வானலையில் மௌனம் ‘வரலாம்’ என்று கொள்ளப்படுகின்றது. அதனாலேயே அது உண்மையான மௌனந்தானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சோதிக்க வேண்டியிருக்கின்றது. முதல் வினாவை ஒருவர் கேட்காது போனாலும், அவரோடு பேசிக்கொண்டிருக்கும் மற்றவர் இரண்டாவது வினாவைக் கேட்டுப் பதில் சொல்லக்கூடும்.

தாழ்ந்த அலைகளில் நெடுந்தூரத் தொடர்பு கொள்வது பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய பெல்ஜியநாட்டு ஜோன் டெவொல்டரே என்பவரே, தம் நண்பர் ஒருவரோடு சேர்ந்து அமெச்சூர் வானொலியாளரின் ஒழுக்கம் பற்றியும் ஒரு கைந்நூல் எழுதினார். 2008இல் வெளிவந்த அக்கைந்நூலைச் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. ஒடுங்கிய வாய்க்காலில் நெடுங்காலம் இருந்தவருக்கே ஒழுக்கத்தின் தேவை நன்றாகத் தெரியும் போலும்.

மரியாதை என்பது வெறும் உபசாரம் அன்று என்பதற்குக் கடல் ஒரு சாட்சி வைத்திருக்கின்றது. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி இரவு, டைட்டானிக் கப்பலின் தந்தி இயக்குநர் ஜாக் பிலிப்ஸ், பிரயாணிகளுடைய சொந்தச் செய்திகளைத் தொலைவில் உள்ள கேப் ரேஸ் கரைநிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அண்மையில் பனிக்கட்டிகளிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் என்ற கப்பலிலிருந்து சிரில் எவன்ஸ் என்ற இளைஞர் இடையிலே புகுந்து, தம் கப்பல் பனியால் சூழப்பட்டு நிற்பதாகச் சொன்னார். கப்பல் மிக அண்மையில் இருந்தமையால் அவருடைய குறி பிலிப்ஸின் செவியில் இடிபோல் விழுந்து, கேப் ரேஸின் மெல்லிய குறியை மூழ்கடித்தது. பிலிப்ஸ் சினந்து, வாயை மூடும்படி கடிந்துகொண்டார். எவன்ஸ் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, நாள் முழுவதும் உழைத்த களைப்பில் கருவியை நிறுத்திப் படுத்துவிட்டார். சில நிமிடங்களில் டைட்டானிக் பனிமலையில் மோதிற்று. அதன் அபாய அழைப்பைக் கலிபோர்னியனில் கேட்பதற்கு எவரும் விழித்திருக்கவில்லை. 1500 பேரளவில் மாண்டனர்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? அனுமதி கேளாமல் இடையிலே புகுந்தவர் சொல்ல வந்ததோ உயிர்காக்கும் செய்தி. கடிந்துகொண்டவர் தம் கடமையையே செய்துகொண்டிருந்தார். ஆனால் அவர் அனுப்பியவை வாழ்த்துகளும் வணிகச் செய்திகளும். இருவரும் ஒரே ஒடுங்கிய வாய்க்காலில் நின்றார்கள். எந்தப் பேச்சு முந்தவேண்டும் என்பதற்கு அன்று உறுதியான ஒழுங்கு இல்லை. பின்னர் உலக நாடுகள் அந்த ஒழுங்கை வகுத்தன. 500 கிலோஹேர்ட்ஸ் கடலின் அபாய மீடிறன் ஆயிற்று. ஒவ்வொரு மணித்தியாலத்திலும் 15ஆம் நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமும், 45ஆம் நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமும் அதில் எல்லாக் கப்பல்களும் வாய்மூடிக் கேட்டிருக்கவேண்டும் என்று விதித்தன. கப்பலின் வானொலி அறைக் கடிகாரத்தில் அந்த மூன்று நிமிடங்கள் சிவப்பு வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். எங்கோ ஒருவன் பலவீனமான மின்கலத்தோடு உதவி கேட்பானாயின், அவன் குரல் கேட்பதற்கு அந்த மௌனம் வேண்டும். 1999ஆம் ஆண்டில் செய்மதி சார்ந்த புதிய ஏற்பாடு முழு நடைமுறைக்கு வந்ததன் பின் அக்காவல் முடிவுற்றது. அமெச்சூர்களுக்குக் கிடைத்த 472 கிலோஹேர்ட்ஸ் பகுதி, அந்தப் பழைய அபாய மீடிறனுக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய அதன் அயல்வீடாக அமைந்திருக்கின்றது.

கடல் என்ற சொல்லை அம்பாறைக் கரையோரத்தில் இலேசாக உச்சரிக்க முடியாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59 மணியளவில் சுமாத்திராவுக்கு அண்மையில் கடலடி நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை இக்கரையை வந்தடைந்தது. மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் ஒரே காலைப்பொழுதில் தம் கடலோரத் தெருக்களை இழந்தன. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கு இறந்தனர். அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அலை வடிந்த பின்னரும், யார் இருக்கின்றார், யார் இல்லை என்று அடுத்த ஊருக்குச் சொல்ல வழி அரிதாயிற்று. தொலைபேசிக் கம்பிகள் அறுந்திருந்தன; எஞ்சியவை அழைப்புகளின் நெருக்கத்தால் அடைபட்டிருந்தன.

தெற்கே அம்பாந்தோட்டையும் அவ்வாறே துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அப்பொழுது இலங்கை வானொலிச் சங்கத்தின் தலைவராக இருந்த விக்டர் குணத்திலக்கவும் அவருடைய தோழர்களும் சிற்றலைக் கருவிகளையும் மின்கலங்களையும் கொண்டு அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதம மந்திரியின் வாசஸ்தலத்தில் இயங்கிய நிலையத்துக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தினர். கோபுரம் இல்லை, செய்மதி இல்லை; ஒரு பெட்டி, ஒரு மின்கலம், ஒரு வான்கம்பி.

அதே நாட்களில் வங்காள விரிகுடாவின் மறுபுறத்தில் இன்னுமொரு நிகழ்ச்சி நடந்தது. இந்தப் பேச்சின் பொருளுக்கு அது மிக நெருக்கமானது. அந்தமான் தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலி இயக்குவதற்கு 1987ஆம் ஆண்டுக்குப் பின் அனுமதி கிடைக்காதிருந்தது. 2004 டிசெம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அனுமதி பெற்றுப் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்தது. அரிய இடம்; ஆகவே உலகெங்குமிருந்து அமெச்சூர்கள் அந்த நிலையத்தோடு ஒரு சொல்லாவது பேசிப் பதிந்துகொள்ள முண்டியடித்தனர். இப்படிப்பட்ட நெருக்கடியில் ஒரு நல்ல வழக்கம் கையாளப்படுவதுண்டு. அரிய நிலையம் ஒரு மீடிறனில் பேசும். சில கிலோஹேர்ட்ஸ் தள்ளி வேறோர் இடத்தில் கேட்கும். அழைப்பவர்கள் அந்த வேறிடத்தில் அழைத்தால், நிலையத்தின் குரலை அவர்கள் மறைக்கமாட்டார்கள். அழைப்பவர்களுடைய கூட்டம் எவ்வளவு அகலத்தை விழுங்கலாம் என்பதையும் அந்த நிலையமே அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒடுங்கிய தாழலைகளில் இது பெரிய பொறுப்பு.

26ஆம் திகதி காலையில் போர்ட் பிளேயர் அதிர்ந்தது. அக்குழுவின் விளையாட்டு அன்றோடு முடிந்தது. பாரதி பிரசாத் தம் நிலையத்தை மீண்டும் இயக்கி, தீவிலிருப்போரின் சேமச் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பும் பணியில் இறங்கினார். இப்பொழுது அந்தக் குரல் அரிய பதிவு அன்று. உயிரோடிருக்கின்றார் என்ற செய்தி. நேற்றுவரை அந்த நிலையத்தை அழைத்தவர்கள் அனைவரும் வாய்மூடி, அந்த மீடிறனையும் அதன் இருபுறத்தையும் காலியாக விட்டு ஒதுங்கி நிற்கவேண்டியதாயிற்று. உதவி செய்ய விரும்பியவருக்கும் அன்று பெரும்பாலும் இருந்த வேலை பேசாதிருத்தலே. பேசுவதற்கென்றே பொருள் செலவழித்துக் கருவி வாங்கியவருக்கு இது எளிதான காரியமா என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய நேரங்களுக்கென எமது வலயத்தில் 3600, 7110 கிலோஹேர்ட்ஸ் என்ற இரு தாழலை இடங்கள் அபாயத் தொடர்பின் மையங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவை பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. சாதாரண நாட்களில் அங்கேயும் பேசலாம். ஆனால் ஆபத்து நேர்ந்த செய்தி கேட்டதும் அங்கே செவிகொடுப்பது, பின் ஒதுங்குவது, வேண்டப்பட்டால் மட்டும் வாய் திறப்பது என்பது முறை. புயலோ வெள்ளமோ வந்த இரவில், அம்பாறையில் இருந்து ஒரு மெல்லிய குரல் 7110இல் எழுமானால், அதைக் கேட்பதும் கேளாததும், தொலைவில் உள்ள யாரோ ஒருவர் தம் வழக்கமான மாலைப் பேச்சை நிறுத்தினாரா இல்லையா என்பதிலேயே தங்கியிருக்கும்.

7110 என்ற அந்த இடத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. ஒலிபரப்புத் துறையினர் அதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. இலங்கை அடங்கிய வலயத்தில் 7100 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி நெடுங்காலமாக ஒலிபரப்பு நிலையங்களுக்கே உரியதாக இருந்தது. 41 மீற்றர் என்று நேயர்கள் அறிந்தது அதுவே. அமெச்சூர்களுக்கு 7000 முதல் 7100 வரையிலான ஒரு கீற்றே கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்து அமெச்சூர்கள் 7100க்கு மேலும் பேசும் உரிமை பெற்றிருந்தும், இரவில் நூற்றுக்கணக்கான கிலோவாற்று ஆற்றலுள்ள ஒலிபரப்புகளின் கீழ் அவர்களுடைய குரல்கள் நசுங்கின. 2003ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு இதைத் திருத்திற்று. 2009ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதிக்குள் ஒலிபரப்பு நிலையங்கள் 7100 முதல் 7200 வரையிலான பகுதியை விட்டு மேலே நகரவேண்டும் என்று முடிவாயிற்று. பெரிய மதகை வைத்திருந்தவர்கள் சற்றே ஒதுங்கியதனாலேதான் இன்று அபாயத் தொடர்புக்கு அந்த இடம் கிடைத்திருக்கின்றது.

இனி, செலுத்தியே இல்லாதவரும் வானலையைக் கலக்கக்கூடும் என்பதை நம் வீடுகளில் காணலாம். மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ்கள், கைத்தொலைபேசி மின்னேற்றிகள், கூரையில் பொருத்தும் சூரியசக்திக் கருவிகளுள் சில, இவை யாவும் தாழ்ந்த மீடிறன்களில் ஓயாத இரைச்சலை உமிழ்வதுண்டு. மத்திய அலையில் செய்தி கேட்கும் முதியவர் ‘வானொலி முன்போல் இல்லை’ என்று குறைப்படுகின்றார். குறை பெரும்பாலும் வானொலியில் இல்லை, அவருடைய தலைக்குமேல் எரிகின்ற மின்குமிழில் இருக்கின்றது. அதை அணைத்துப் பார்த்தால் விளங்கும்.

அமெச்சூர் வானொலி கற்க விரும்பும் மாணவன் ஒருவன் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பானாயின், உரிமத்துக்கு அவன் நாடவேண்டியது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையே. பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் மாதங்களில் அவனுக்குச் செலுத்தி வேண்டியதில்லை. சிற்றலை கேட்கும் ஒரு சிறிய வாங்கி, முற்றத்துத் தென்னைகளுக்கிடையே கட்டிய ஒரு கம்பி, ஒரு பயிற்சிக் கொப்பி, இவை போதும். இரவு எட்டு மணி முதல் பத்து மணிவரை 7 மெகாஹேர்ட்ஸில் மெதுவாகத் திருப்பிக் கேட்டு, எந்த மீடிறனில் எந்த அழைப்புக்குறி, எத்தனை மணிக்கு, இருவர் பேச்சில் எவருடைய குரல் கேட்டது, எவருடைய குரல் கேட்கவில்லை என்று எழுதி வரட்டும். ஒரு மாதம் கழிந்து அந்தக் கொப்பியைப் புரட்டினால், பாதிப் பேச்சு மட்டும் கேட்ட உரையாடல்கள் எத்தனை என்று அவனே எண்ணிக்கொள்ளலாம்.